மறு: ‘ஆதித் தெறிவினை’ வேண்டாம் - மாற்றுச் சொற்கள்

அன்புள்ள மருத்துவக் கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு வணக்கம். தெறிவினைக்கு (தூண்டினால் உடல் தானாகச் செய்யும் அசைவுக்கு) வந்த இந்த முன்மொழிவு பற்றி எழுதுகிறேன்.

> ‘பிரிமிட்டிவ் ரிஃப்ளெக்ஸ்’ என்பதற்கு ‘ஆதித் தெறிவினை’ என்றே வைக்கலாம். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

ஐயா சொல்வதுபோல மூலத்துக்கு நெருக்கந்தான். ஆனால் அந்தச் சொல்லை நான் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து சொல்லவேண்டி வரும். அங்கேதான் இடிக்கிறது.

போன மாதம் மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மறதிநோய் முற்றிய ஒரு அம்மா. பேச்சு நின்று ஆறேழு மாதம். மகள் பாயில் பக்கத்தில் இருந்து, தாயின் உள்ளங்கையில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடவினா. தாயின் விரல்கள் மடிந்து பிடித்துக்கொண்டன. இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. “பாத்தீங்களே டொக்டர், அம்மாவுக்கு என்னைத் தெரியுது. விடுறாவே இல்லை.” மற்றக் கைக்குள் நான் என் விரலை வைத்துப் பார்த்தேன். அதையும் அப்படியே பிடித்தா. மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தா, ஒன்றும் கேட்கவில்லை.

பிறந்த குழந்தையின் கைக்குள் விரலை வைத்தால் பிடிக்குமே, அதே தெறிவினைதான் இது. மூளையின் முன்பகுதி முதிர முதிர, ஐந்தாறு மாதத்தில் அடங்கிவிடும். அடங்குமே தவிர அழியாது. பிற்காலத்தில் அந்த முன்பகுதி பழுதுபட்டால் மறுபடி தலைகாட்டும். வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 2009 போருக்குப் பிறகு தலைக்குள் எறிகணைத் துண்டோடு வாழ்கிறவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். மனச்சிதைவு நோயாளர் சிலரிடமும் இத்தகைய குறிகளைக் காணலாம்.

இவர்களுடைய வீட்டாரிடம் ‘ஆதி’, ‘பூர்வ’ என்று சொன்னால், ஆள் மனித நிலையிலிருந்து கீழே போய்விட்டார் என்றுதான் காதில் விழும். அக்கா ஒருவர் முன்வைத்த ‘மழலைத் தெறிவினை’ கேட்க இனிமை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருவரின் குறிப்பேட்டில் அதை எழுத எனக்கு மனம் வராது.

ஆங்கிலத்திலேயே ‘ஃப்ரொன்டல் ரிலீஸ்’, அதாவது மூளை முன்பகுதியின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுதல், என்று இன்னொரு பெயர் உண்டு. நடந்தது என்ன என்பதை அது சொல்கிறது; அதைப் பிடிப்போம். ‘விடுபட்ட தெறிவினை’ சரிவராது, எழுதாமல் தவறவிட்டது என்று வாசிப்பார்கள். என் முன்மொழிவு ‘கட்டவிழ் தெறிவினை’. கட்டாக்காலி மாடு நினைவுக்கு வராதா என்று இங்கே கூட வேலைசெய்யும் தாதி ஒருவர் கேட்டா. வரலாம். ஆனால் பழந்தமிழில் மலரும் கட்டவிழ்வதுதான். அதோடு, அவிழ்ந்தது தெறிவினை, ஆள் இல்லை என்பது அந்தச் சொற்றொடரிலேயே தெளிவாக நிற்கிறது.

இனி அந்த அம்மாவின் கைக்கு வருகிறேன். ‘பற்றுத் தெறிவினை’ என்று பலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தமிழில் பற்று என்றால் பாசமும்தான். அந்த மகள் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருந்தா. கலைச்சொல்லும் அதையே சொன்னால் நான் எதை விளக்குவது? ‘பிடித் தெறிவினை’ போதும். “கை தானாப் பிடிக்குது பிள்ளை” என்று அன்று சொன்னேன், விளங்கிக்கொண்டா. விரலை இழுக்காமல், பிடித்த கையின் புறங்கையை வருடினால் பிடி இளகும் என்றும் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்தது, 1920இல் ருமேனிய மருத்துவர்கள் மரினெஸ்கோவும் ராடோவிச்சியும் விவரித்த இன்னொரு தெறிவினை: பெருவிரல் மேட்டைக் கீறினால் அதே பக்க மோவாய்த் தசை துடிக்கும். நாங்கள் மோவாயை நாடி என்போம். ‘உள்ளங்கை-நாடி’ என்று எழுதினால் நாடித் துடிப்போடு குழம்பும். ஆகவே ‘உள்ளங்கை-மோவாய்த் தெறிவினை’. நல்ல சுகதேகிகளிடமும் இது காணப்படும் என்ற குறிப்பு அகராதியில் கட்டாயம் வேண்டும்.

வைத்தியர்கள் எப்படியும் ஆங்கிலந்தான் பேசுவார்கள் என்று ஒரு மடல் வந்திருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலேயே அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்திருக்கிறார். எங்களுக்கு அது புதுத்துணிவு அல்ல.

ஒரு சொல்லுக்கு உதவி வேண்டும். சட்டை மாற்றக் கையை நீட்டினால், நாங்கள் இழுக்கும் அளவுக்கு நோயாளியின் கை தானாக இறுகும். ஜெர்மனில் ‘கேகன்ஹால்ட்டன்’, எதிர்த்துப் பிடித்தல் என்று பெயர். பராமரிப்பவர்கள் பிடிவாதம் என்று நினைத்து ஏசுகிறார்கள். அவர் எதிர்க்கவில்லை, ‘எதிர்’ என்று தொடங்காத ஒரு சொல்லைத் தாருங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து