மறுமொழி: ஹீட் பம்ப்புக்குத் தமிழ்ச் சொல் – ‘வெப்பமிறைப்பி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் ஆகும் ஆற்றல் செலவைக் குறைப்பது பற்றிய கையேட்டுக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் எடுத்து வீட்டுக்குள் தரும் கருவியான ஹீட் பம்ப்புக்குரிய இந்த ஒரு சொல் மட்டும் இழுபறியில் நிற்கிறது. வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கடைசியில் என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன்.

> ‘வெப்பமேற்றி’ எளிது, எல்லாருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்வோம்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்பிச்சுருள் காய்ந்து நீரைச் சுடவைக்கும் கருவிதான் மனத்தில் வரும். இரண்டும் வேறு என்று சொல்வதற்காகவே கையேட்டில் அந்த அத்தியாயம் இருக்கிறது. 100 லிட்டர் நீரை 15 பாகை செல்சியஸிலிருந்து 55 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 4.65 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். கம்பிச்சுருள் அதே அளவு மின்சாரத்தை விழுங்கிவிட்டுத்தான் அந்த வெப்பத்தைத் தரும். நாம் பெயர் தேடும் கருவியோ, நல்ல சூழலில் 1.5 யூனிட் சொச்சத்தில் வேலையை முடித்துவிடுகிறது. மீதி வெப்பம் வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வருகிறது. கருவி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, வேண்டிய இடத்துக்கு உயர்த்தித் தருகிறது. இதைச் சொல்லாத பெயர் நமக்கு வேண்டாம்.

‘வெப்ப விசையியக்கக் குழாய்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது குழாயும் அல்ல; ஒரு வரியில் இருமுறை வந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ‘வெப்பமாற்றி’ என்றால், ஒன்றின் வெப்பத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் உறுப்பான வெப்பப் பரிமாற்றியோடு குழம்பும். இந்தக் கருவிக்குள்ளேயே வெப்பப் பரிமாற்றிகள் இரண்டு இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

> பம்ப்புக்கு ‘எக்கி’ என்று அகராதிகளில் ஏற்கெனவே இருக்கும்போது ‘வெப்ப எக்கி’யில் என்ன குறை?

ஐயா எழுப்பிய இந்தக் கேள்விதான் கனமானது. ‘எக்கி நின்று எடுத்தான்’ என்கிறோமே, அதிலேயே உயர்தல் என்ற பொருள் இருக்கிறது. சொல்லில் குறையில்லை, கிளைகளில்தான் குறை. எக்கியிலிருந்து வினை அமைத்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்: ‘வெப்பத்தை எக்குகிறது’, ‘எக்கப்பட்ட வெப்பம்’. நாக்குத் தடுக்கும். கலைச்சொல் என்பது தலைப்பில் ஒருமுறை வந்து போவதல்ல, வாக்கியங்களுக்குள் புழங்க வேண்டியது.

என் முன்மொழிவு வெப்பமிறைப்பி. நீரிறைப்பி, இறைவைப் பாசனம் ஆகியவற்றின் உறவுச் சொல். வினை இயல்பாக வருகிறது: வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைக்கிறது. தாழ்ந்த இடத்தில் கிடப்பதை மேலே கொண்டுவருவதுதான் இறைத்தல். இங்கே தாழ்வும் மேடும் வெப்பநிலையில் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, இந்த வேரிலிருந்து நமக்கு உடனே தேவைப்படும் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது.

வெப்பத்தை எடுக்கும் இடத்துக்கும் கொடுக்கும் இடத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ‘இறைப்புயரம்’ என்று பெயர் வைக்கலாம். கிணறு ஆழமானால் அதே குடம் நீருக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுவதைப் போல, இறைப்புயரம் கூடினால் அதே வெப்பத்துக்குக் கூடுதல் மின்சாரம் செலவாகிறது. செலவுக் கணக்கின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வெளியே 7 பாகை, வீட்டைச் சூடாக்க அறைத்தரைக்கடியில் குழாய்களில் ஓடும் நீர் 35 பாகை என்றால் இறைப்புயரம் 28. இயற்பியல் விதிகள் அனுமதிக்கும் உச்சமான கார்னோவின் வரம்பின்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகபட்சம் 11 யூனிட் வெப்பம் பெறலாம். அதே நாளில் பழைய ரேடியேட்டர்களுக்காக (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைகள்) நீரை 55 பாகைக்கு உயர்த்தினால் இறைப்புயரம் 48, வரம்பு 6.8. நடைமுறைக் கருவிகள் பெரும்பாலும் இந்த வரம்பில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆனால் 35 பாகைக்கும் 55 பாகைக்கும் கிடைக்கும் பலன்களுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆகவே பெரிய ரேடியேட்டர், தரைவழிச் சூடேற்றம், சுவருக்கு நல்ல வெப்பக்காப்பு ஆகிய மூன்றும் இறைப்புயரத்தைக் குறைக்கும் வழிகள் என்று ஒரே சொல்லால் விளக்கிவிடலாம். ‘வெப்பநிலை வேறுபாடு’ என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் இந்தப் பிடி கிடைக்காது.

> மின்சாரம் ஒரு பங்கு, வெப்பம் மூன்று பங்கு என்றால் ஆற்றல் அழியாமை விதி என்னாவது? 300% திறன் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

விதிக்கு ஒன்றும் ஆகாது, மீதி இரண்டு பங்கு வெளியிலிருந்து வருகிறது. ஆனால் 300% என்றால் சிரிக்கத்தான் வேண்டும். திறன் என்ற சொல்லையே அங்கே தவிர்ப்போம். பாடநூல்களில் அது வேறு வேலை பார்க்கிறது. இந்த விகிதத்துக்கு (ஆங்கிலத்தில் COP) வழங்கும் ‘செயல்திறன் குணகம்’ என்பதிலும் அதே சிக்கல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘வெப்ப மடங்கு’ என்று வைத்தால் என்ன? கொடுத்த மின்சாரத்தைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் கிடைத்தது என்பதுதான் அதன் பொருள். ஆண்டு முழுவதற்குமான சராசரியை ‘ஆண்டு வெப்ப மடங்கு’ எனலாம். விற்பனைத் தாளில் அச்சிடப்படும் எண், குறித்த ஒரு சோதனை வெப்பநிலையில் கிடைத்தது. மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது ஆண்டு வெப்ப மடங்கு. இந்த வேறுபாட்டைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். எரிவாயு பாய்லரிலிருந்து மாறுபவருக்கு இதுவே கணக்கு: பாய்லர் எரிபொருளில் 90 விழுக்காட்டை வெப்பமாகத் தருகிறது, ஆண்டு வெப்ப மடங்கு 3 என்றால், ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப்போல் 3.3 மடங்குக்குள் இருக்கும்வரைதான் மாதச் செலவு குறையும். அதைத் தாண்டினால் கருவி எவ்வளவு நன்றாக இறைத்தாலும் பணம் மிஞ்சாது.

இனி ஓர் எதிர்ப்பை நானே எழுப்பிவிடுகிறேன், எப்படியும் யாராவது எழுதுவீர்கள். ‘வாரி இறைத்தல்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. சிக்கனக் கையேட்டில் வெப்பத்தை வாரி இறைக்கும் கருவியா என்று கேலி வரும். வரட்டும். ‘வாரி’ என்ற துணை இல்லாமல், நீரையோ வெப்பத்தையோ இறைத்தல் என்றால் வீணடித்தல் என்று யாரும் கொள்வதில்லை என்பது என் எண்ணம். இதற்கு வலுவான மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.

பட்டியலில் மீதமிருப்பவற்றில் ஒன்றுக்குத்தான் எனக்குக் கருத்து உண்டு. யாரும் பயன்படுத்தாதபோதும் வெந்நீர்த் தொட்டி சுவர் வழியே இழக்கும் வெப்பத்துக்கு ‘தேக்கிழப்பு’ என்று வைக்கலாம். அந்தப் பதிவில் ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். தேக்கிழப்பைக் குறைக்கிறேன் என்று தொட்டியை 40 பாகையில் வைத்துவிடக் கூடாது. லெஜியோனெல்லா கிருமி பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை அது. தொட்டியில் 60 பாகையில் தேக்கி, குழாயருகே தண்ணீர் கலந்து தணித்துக்கொள்வதுதான் வழக்கமான பரிந்துரை. தொட்டிக்குக் கனமான வெப்பக்காப்பு உறை போடுவதே தேக்கிழப்புக்குச் சரியான மருந்து. ‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம், அது ஏற்கெனவே வீடுகளில் புழங்கும் சொல்.

1852இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கட்டடங்களைச் சூடாக்க இந்த வழியை விளக்கியபோது குளிர்விப்பதையும் அதே கட்டுரையில்தான் சேர்த்துப் பேசினார். ஆகவே குளிர்பதனப் பெட்டியும் ஏர்கண்டிஷனரும் வெப்பமிறைப்பி வகையைச் சேர்ந்தவையே என்று சொல் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். இது வாசகரைக் குழப்புமா, தெளிவாக்குமா என்பதில் கையேட்டின் ஆசிரியர்கள் சொல்வதை ஏற்கிறேன்.