மறுமொழி: பெந்திக் மேக்ரோஇன்வெர்டிபிரேட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் குழுவில் நீங்கள் நேற்று எழுதிய 'ஆழ்நிலைப் பேருரு முதுகெலும்பிலி'யைப் படித்ததும் எனக்கு நடுக்கடல் ராட்சதக் கணவாய்தான் நினைவுக்கு வந்தது. நாம் பெயர் தேடுவதோ முழங்கால் ஆழ ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கிடக்கும், பல சமயம் அரிசி மணியளவுகூட இல்லாத, முதுகெலும்பற்ற உயிர்களுக்கு. எவை இருக்கின்றன என்று பார்த்தே நீர் சுத்தமா என்று சொல்லிவிடலாம்.

'பெந்திக்'கின் மூலமான 'பெந்தோஸ்' என்றால் கிரேக்கத்தில் ஆழம்தான், மறுக்கவில்லை. கடலை மனத்தில் வைத்துப் பிறந்த சொல் அது. ஆற்றுக்கு வந்ததும் ஆழம் கழன்று, 'அடி' மட்டும்தான் மிஞ்சுகிறது. 'படுகைவாழ்' என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான். ஆனால் செய்தித்தாளில் காவிரிப் படுகை என்றால் ஆறு பாயும் நிலப்பரப்பு முழுவதும். தஞ்சைப் பக்கம் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் வாழை போடுகிற நிலம். அங்கே மேயும் மாடும் படுகைவாழ் உயிரிதானே! 'அடித்தட்டு' அரசியல் மேடைக்குப் போய்விட்டது. 'வண்டல்வாழ்' அறிவியல்படியே தவறு: சுத்தமான நீருக்குச் சாட்சி சொல்லும் பூச்சிகள் பலவும் ஓடுநீரில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. சேற்றில் புதைந்து கிடப்பவை பெரும்பாலும் மறுதரப்புச் சாட்சிகள், அதாவது மாசுபட்ட நீருக்கு.

இனி 'மேக்ரோ'. நுண்ணோக்கி முன் உட்கார்ந்தவர் வைத்த அடைமொழி இது. வெறுங்கண்ணுக்குத் தெரியும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வலைக்கண்ணில் தங்கும், அவ்வளவுதான் பொருள். தமிழில் 'பேருரு' என்றால் விசுவரூபம். 'நுண்ணுயிர்' ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால், அதற்கு அடுத்த படியாக 'சிற்றுயிர்' பொருந்தும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அயிரை நினைவுக்கு வந்தது. அதுவும் அடியில் வாழும் சிற்றுயிர்தான். முள்ளோடு குழம்பில் கிடக்கிறது. ஆகவே முதுகெலும்பிலியை விட முடியாது. இலங்கை நண்பர்கள் 'முள்ளந்தண்டிலி' என்பார்கள். இரண்டும் இருக்கட்டும்.

என் முன்மொழிவு: 'நீரடி முதுகெலும்பிலிகள்'. ஆறு, ஏரி, கடல் மூன்றுக்கும் செல்லும். வலைக்கண் அளவை வரையறையில் சொல்லிவிட்டால் போதும். பெயரின் தலையில் ஏற்ற வேண்டாம்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் அகராதியில் ஏற்றக் கூடாது என்பது என் பிடிவாதம். இதோ: "வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி ஊன்றி, அதற்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறவும். வலையில் சேரும் நீரடி முதுகெலும்பிலிகளை வெள்ளைத் தட்டில் கொட்டிக் குடும்பவாரியாகப் பிரிக்கவும்." தட்டில் கொட்டியவுடன் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். சற்றுப் பொறுத்தால் ஒரு சருகுத்துணுக்கு நகரும். பெரும்பாலும் மூன்று வால்முடி, வயிற்றின் இருபுறமும் விசிறிபோல் துடிக்கும் செவுள்கள். மேஃபிளை என்ற சிறகுப் பூச்சியின், நீரில் வளரும் இளம்பூச்சி அது. (ஆங்கிலத்தில் 'கிக் சாம்பிள்' எனப்படும் இந்த முறையை 'உதைமாதிரி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ஆற்றை யார் உதைக்கிறார்கள்? கோழி போலக் கிளறுகிறோம். 'கிளறல் மாதிரி'.)

'ஸ்கோர்' என்பதற்கு 'மதிப்பெண்' இருக்க, 'புள்ளியீடு' எதற்கு? பிரிட்டனில் 1970களில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. (பயலாஜிக்கல் மானிட்டரிங் வொர்க்கிங் பார்ட்டி) என்ற, நீரடி உயிர்களை வைத்து நீரின் தரத்தை அளக்கும் முறை உண்மையிலேயே மதிப்பெண் பட்டியல்தான். மாசு தாங்காத குடும்பத்துக்கு (உறவுள்ள உயிரினங்களின் தொகுதி) 10, எதையும் தாங்குவதற்கு 1. கல் ஈ (ஸ்டோன்ஃபிளை) என்ற பூச்சியின் பெர்லிடே குடும்பத்துக்கு 10, மேஃபிளையிலேயே ஹெப்டாஜெனிடே 10, பேட்டிடே 4, கடிக்காத கொசு போன்ற ஈக்களின் கைரோனோமிடே 2, மண்புழுவின் நீர்வாழ் உறவினர்கள் 1. இந்த ஐந்தும் கிடைத்தால் கூட்டுத்தொகை 27, ஐந்தால் வகுத்தால் சராசரி 5.4. தலைகளை எண்ண வேண்டாம், குடும்பம் வந்திருக்கிறதா என்பதே கேள்வி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. பெயரும் அந்த அளவில் இருந்தால் போதும்.

நீரின் நிலையைக் காட்டித்தரும் உயிரைக் குறிக்கும் 'இண்டிகேட்டர்' விஷயத்தில் மட்டும் எனக்கு முடிவு இல்லை. 'சுட்டி' கணினிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. வீட்டில் அது குறும்புப் பிள்ளை. நான் 'சாட்சி உயிரி' என்பேன். ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால், காலையில் எடுத்த குப்பித் தண்ணீர் ஒன்றும் சொல்லாமல் போகலாம். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்த பூச்சி செத்திருக்கும், இல்லை அடித்துப் போயிருக்கும். சாக்கடை ஓரம் ஹீமோகுளோபினால் சிவந்த, அதே கைரோனோமிடே குடும்பத்துக் கைரோனோமஸ் புழு மட்டும் நெளியும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அதற்குப் பிழைக்கத் தெரியும். சுட்டுவதைவிட, அங்கே இருந்து பார்த்ததால்தான் அதற்கு மதிப்பு.

கடைசியாக ஒன்று. மேஃபிளைக்கு 'ஈசல்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ஈசல் கறையான் வீட்டுப் பிள்ளை. 'ஒருநாள் பூச்சி' பரவாயில்லை. ஆனால் மணலையும் குச்சியையும் பட்டு நூலால் ஒட்டிச் சட்டை தைத்துக்கொள்ளும் கேடிஸ் புழுவுக்கு என்னிடம் பெயரே இல்லை. மலையோர ஊர்க்காரர்கள் குழுவில் இருக்கிறீர்கள். ஓடையில் குளிக்கும்போது அதைப் பார்த்து உங்கள் ஆச்சி என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுங்கள்.