ஆய்வகங்களை இணைத்தபோது ஆய்வுக் கட்டுரைக் கணக்கு என்ன ஆனது? உங்கள் அனுபவம்

நூலகத்து அக்கா:
தில்லியில் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தின் நூலகத்தில் இருந்தேன். எங்களை இன்னொரு நிறுவனத்தோடு இணைத்த அடுத்த வருடம், ஆண்டறிக்கைக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் நிறுவனத்தின் புதுப்பெயரைப் போட்டால் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் வந்தது. இயக்குநர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய பெயர்கள், சுருக்கப் பெயர்கள், ஒருவர் விடாமல் தப்பாகவே எழுதிவந்த ஸ்பெல்லிங் என்று பதினோரு விதமாகத் தேடி எடுத்தேன்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் இன்னொன்று. முன்பு இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு ஆண்டறிக்கையிலும் ஏறியிருக்கும். இங்கே 40, அங்கே 30, பொதுவில் 12 என்று வையுங்கள். இணைத்தபின் 58தான். யாரும் ஒரு கட்டுரைகூடக் குறைவாக எழுதவில்லை, ஆனால் 12 போச்சு!

இதில் வேடிக்கை, இந்தக் கணக்கையே தொழிலாக வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. 2002இல் அறிவியல் இதழ்கள் வெளியிட்ட நிஸ்காமும் அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக்கும் சேர்ந்து நிஸ்கேர் ஆனது. 2021 ஜனவரியில் நிஸ்கேரும் அறிவியல் கொள்கையை ஆராயும் நிஸ்டாட்ஸும் சேர்ந்து என்.ஐ.எஸ்.சி.பி.ஆர். ஆனது. முகவரியில் நம்ம இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன் பெயரிலுள்ள சாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெட்டிகட்டி:
அக்கா, எல்லாமே எண்ணுவதில் வந்த கோளாறு இல்லை. எங்கள் ஆய்வகத்தில் நிஜமாகவே குறைந்தது, ஆனால் தாமதமாக. இணைத்ததும் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை மரப்பெட்டியில் அடைத்துப் புது வளாகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அறை தயாராக இல்லை. ஏழு மாதம் தாழ்வாரத்தில் கிடந்தது, யாரோ அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வருடக் கணக்கு மட்டும் அமோகம், ஏனென்றால் வெளிவந்ததெல்லாம் பழைய தரவு. பள்ளம் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் இயக்குநர் மாறிவிட்டார், பழி புதியவர் தலையில்.

அப்புறம், என் கட்டுரையின் புரூஃப், அதாவது வெளியிடுமுன் திருத்தித்தர அனுப்பும் படி, செயலிழந்த பழைய மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. 48 மணி நேர கெடு. படம் 3இல் எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர்கள் இடம் மாறியபடியே வெளிவந்தது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

சுகுபாவாசி:
நான் ஜப்பானில், சுகுபா நகரத்தில் உள்ள நிம்ஸ் என்ற பொருளறிவியல் நிறுவனத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்தேன். 2001 ஏப்ரலில் உலோக ஆய்வு நிறுவனமும் கனிமப் பொருள் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவானது அது. உலோகக்காரர்கள் செங்கென் வளாகத்தில், கனிமப் பொருள்காரர்கள் நமிகி வளாகத்தில். நான் போனபோது இணைந்து பத்து வருடத்துக்கு மேல். மூத்தவர்கள் அப்போதும் நமிகியை 'முகிசாய்கென்' என்று பழைய பெயரில்தான் சொல்வார்கள்.

இணைத்ததால் கட்டுரை கூடியதா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். வதனாபே, தனிகுச்சி என்று இருவர். நமிகியில் போரான் நைட்ரைடு படிகம் வளர்த்து உலகம் முழுக்கக் கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) ஆய்வு செய்கிற ஆட்களுக்குக் கொடுப்பவர்கள். 2010க்குப் பிறகு அந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் ஆசிரியர் பட்டியலில் அநேகமாக அவர்கள் இருப்பார்கள். படிகம் வளர்வது வளிமண்டலத்தைப் போல் 40,000 மடங்கு அழுத்தத்தில். அந்தப் பெரிய அழுத்த இயந்திரம் இணைப்புக்கு முந்தைய முகிசாய்கென் காலத்தது, 1980களில் செய்தது. அதுவும் செயற்கை வைரத்துக்காக!

நூலகத்து அக்கா:
தம்பி, அந்தக் கட்டுரைகளை எந்தப் பெயரில் ஏற்றுவார்கள்? என்னிடம் கேட்டிருந்தால் இயந்திரத்தின் பெயரில் ஏற்றியிருப்பேன்.