மறு: நாயின் நான்கு டயஃப்ரம்களுக்கும் ஒரே சொல்?

நண்பர்களே, நாய்களுக்கான ஆஸ்டியோபதி (கையால் தொட்டும் அழுத்தியும் உடலைத் தளர்த்தும் சிகிச்சை முறை) கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இந்த முறையினருக்கு டயஃப்ரம் ஒன்றல்ல, நான்கு: பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள மடிப்பு, முதல் விலா எலும்புகளுக்கு இடையிலான மார்பு வாயில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும், நமக்குத் தெரிந்த உதரவிதானம், இடுப்புக்கூட்டின் பின்வாயை மூடும் தசைகள். ஒன்று இறுகினால் மற்றவையும் இறுகும் என்பது கொள்கை. பொதுச்சொல்லாக 'விதானம்' போதுமா?

* * *

> பொதுச்சொல்லாக 'விதானம்' போதுமா?

போதாது. விதானம் மேற்கட்டி. சிலம்பின் 'நீல விதானத்து நித்திலப் பூம்பந்தர்' தலைக்கு மேலே இருப்பது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குச் சரி. நான்கு காலில் நிற்கும் நாய்க்கு அந்தத் தசை நுரையீரலுக்கும் ஈரலுக்கும் நடுவே சுவராக அல்லவா நிற்கிறது? போதாக்குறைக்கு உதரமும் வடமொழி, விதானமும் வடமொழி. இலங்கைப் பாடநூல்களின் 'பிரிமென்றகடு' இருக்க ஏன் தேட வேண்டும்? பிரி, மென், தகடு. னகரத்தை அடுத்த தகரம் றகரமாயிற்று.

* * *

புணர்ச்சி சரிதான் ஐயா. என் வகுப்பில் அதை 'மென்ற கடு' என்று பிரித்து, நாய் எதை மென்றது என்பார்கள்.

* * *

அப்படியானால் 'இடைத்தட்டி'. தடு, தடை, தடுக்கு, தட்டி எல்லாம் ஓரினம். தண்ணீரைத் தடுத்ததால் தடாகம் என்பதும் இதில் சேரும் என்பது என் கருத்து. வடசொல் என்பவர்களுக்குத் தனிமடலில் பதில்.

* * *

கால்நடை மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். மார்பு வாயில் தட்டியுமல்ல, தகடுமல்ல. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் போகிற வழி. மூளை மடிப்பு நாய்க்கு ஒரு பகுதி எலும்பாகவே இருக்கும். அதைக் கையால் தளர்த்துவதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன். உதரவிதானத்தின் கதை கொஞ்சம் வேறு. கடைசி விலாக்களின் ஓரத்தில் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மூச்சின் போக்கிலேயே கையை விடுவார்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தால் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தசையின் வேர்கள் 3, 4ஆம் இடுப்பு முள்ளெலும்புகளில் பற்றியிருப்பதால், இடுப்பு விறைப்போடு அதற்குத் தொடர்பு தேடுவதில் உடற்கூற்று நியாயமாவது உண்டு. பலன் நிரூபணமாகிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. வண்டியில் அடிபட்டு வரும் நாய்க்கு அது கிழிந்திருக்கலாம். அங்கே கைவைத்தியம் கூடாது, அறுவை சிகிச்சைதான். அந்தப் பதற்றத்தில் 'உதரவிதானம் கிழிஞ்சிருக்கு' என்றால் வளர்ப்பவருக்குப் பள்ளியில் படித்ததாவது நினைவு வரும். 'இடைத்தட்டி' என்றால் என் முகத்தைப் பார்ப்பார்.

* * *

சரி, நேரமில்லை. உதரவிதானம் அப்படியே இருக்கட்டும். நான்குக்கும் பொதுவாகக் 'குறுக்குத்தடுப்பு' என்று போடுகிறேன். கிரேக்க மூலத்துக்கும் தடுப்பு என்றுதான் பொருள். மார்பு வாயிலுக்கு மட்டும் அடிக்குறிப்பு. பெரும்பாலோர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

* * *

பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை, களைத்துவிட்டார்கள். நான் பிரிமென்றகடு என்றே எழுதுவேன். அப்புறம், 'ஆஸ்டியோபதி'யை அப்படியே விட்டுவிட்டீர்களே?