ஒரே அறையில் 58, 71: எந்த ஈரப்பதமானியை நம்புவது?

கானாடுகாத்தான்காரன்: வணக்கம். பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறையைச் சின்ன ஆய்வுக்கூடமாக்கி, இரும்புத் தகடுகள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்த்துவருகிறேன் (காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும்போது இந்த ஆசை வராமல் இருக்குமா). காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் துரு வேகமெடுக்கும். என்னிடம் இருக்கும் டிஜிட்டல் மானிகளில் ஒன்று 58 என்கிறது, மற்றது 71. நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா?

பள்ளத்தூர்: வாங்குவது இருக்கட்டும் தம்பி. இரண்டும் ஒரே இடத்திலா இருக்கின்றன?

கானாடுகாத்தான்காரன்: இல்லைண்ணே. ஒன்று மேசையில், விளக்குக்குப் பக்கத்தில். மற்றது முற்றத்து ஜன்னலில்.

பள்ளத்தூர்: அப்படியென்றால் பாதிக் குற்றம் மானிமேல் இல்லை. காற்றில் உள்ள நீர் அதே அளவில் இருந்தாலும், இந்த நிலையில் வெப்பம் 1 டிகிரி ஏறினால் ஈரப்பதம் 3, 4 புள்ளி இறங்கிவிடும். இரண்டையும் தகடு இருக்கும் இடத்தில் ஒட்டி வைத்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

கானாடுகாத்தான்காரன்: வைத்தேன். இப்போது 61, 66. மிச்சம் 5?

தேவகோட்டை: அதற்கு உப்புச் சோதனை. சோடியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் அதோடு இரண்டு மானிகளையும், உப்பு தொடாதபடி, வைத்து மூடி வெயில் படாமல் ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 இருக்கும். 25 டிகிரியில் 75.3, 30-இல் 75.1, ஆகவே நம்மூர்ச் சூடு பெரிதாகக் கெடுக்காது. கல்லுப்பு வேண்டாம், அதில் மெக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும்.

கானாடுகாத்தான்காரன்: 72, 77 காட்டின. அப்படியானால் முதலாவதில் 3 கூட்டி, இரண்டாவதில் 2 கழித்தால் அறையில் 64, சரிதானே? அதுவும் 60-க்கு மேல்தான்!

தேவகோட்டை: சரி. ஆனால் அந்தத் திருத்தம் 75-க்குப் பக்கத்தில்தான் செல்லும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள்ளும் அளக்கப் போகிறீர்கள் என்றால், இதே சோதனையை மெக்னீசியம் குளோரைடு வைத்து, அது தரும் 33-இலும் ஒருமுறை பாருங்கள்.

பள்ளத்தூர்: அப்புறமும் வாங்கத் தோன்றினால், திரையில் புள்ளிக்குப் பின் இலக்கம் காட்டுகிறதே என்று மயங்காதீர்கள், உள்ளே என்ன சென்சார் என்று கேளுங்கள். டிஎச்டி11 என்றால் 5 புள்ளி முன்பின் போகும், எஸ்எச்டி31 என்றால் சுமார் 2. 60-ஐக் கோடாக வைத்துத் துரு பார்ப்பவருக்கு முதலாவது ஆகாது.