மோரிஸ் மைனரில் பூமி எங்கே இருக்கிறது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் கார் மின்வேலைத் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘எர்த்’துக்கு, அதாவது விளக்கு முதலியவற்றை வண்டியின் உடலோடு சேர்க்கும் இணைப்புக்கு, நேராக ‘நிலத்தொடர்பு’ என்று எழுதியவன் நான்தான். அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் பட்டறையில் வேலை பழகும் பையன் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

போன வாரம் இங்கே சுங்கை சிப்புட்டில், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் தம் பழைய மோரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்தார். இடது ஹெட்லைட் மங்கல். செம்பனைக்கு நடுவே விளக்குக் கம்பமே இல்லாத பாதையில் இரவில் வருகிறவர். பல்பை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டார், பலனில்லை. இடப்பக்க சிக்னலைப் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து கண் சிமிட்டியது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இரண்டு விளக்கும் ஒரே இடத்தில் எர்த் ஆகின்றன, அந்த இடம் கெட்டிருக்கிறது.

விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் கறுப்புக் கம்பியிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தேன். 1.9 வோல்ட் அந்த இணைப்பிலேயே வீணாகிறது. நல்ல வண்டியில் அது 0.2க்குள் நிற்க வேண்டும். பன்னிரண்டில் இரண்டுதானே போயிற்று என்று நினைக்கக்கூடாது. பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு போய்விடும். இங்கே கிட்டத்தட்ட பாதி போயிருந்தது. எர்த் திருகைக் கழற்றினால் அடியில் துரு, அதன்மேல் யாரோ பூசிய பெயிண்ட். உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். 0.1க்கு இறங்கியது. பல்பைத் தொடவே இல்லை.

அப்போதுதான் பையன் கேட்டான்: “அண்ணே, பட்டியல்ல நிலத்தொடர்புன்னு போட்டிருக்கீங்க. வண்டி நாலு ரப்பர் டயர்லதானே நிக்குது. நிலத்தை எங்க தொடுது?”

கித்தா (ரப்பர்) காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு ரப்பரில் மின்சாரம் ஓடாது என்று ஒரு பையன் நினைவூட்ட வேண்டியதாகிவிட்டது. வீட்டு மின்சாரத்தில் கம்பி மெய்யாகவே மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே நிலத்தொடர்பு சரியான சொல், அப்படியே இருக்கட்டும். காரில் மண்ணுக்கு வேலையே இல்லை. பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே இரண்டாவது கம்பி ஒன்று இழுப்பதற்குப் பதிலாக வண்டியின் இரும்பு உடலையே கம்பியாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இனி, மாற்றுச் சொல்லாக உங்களிடமிருந்து வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘மீள்வழி’ என்று வைக்கலாமே. மின்சாரம் திரும்பி வரும் பாதைதானே?

ஈப்போ அண்ணனின் சொல் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மைனர் அதற்கு ஒத்துவராது. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு சேரும். 1948 முதல் 1971 வரை வந்த மைனரில் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். பாடப்புத்தக மரபுப்படி மின்னோட்டம் நேர்முனையில் கிளம்பி, முதலில் உடலில் ஓடி, விளக்கைக் கடந்து, கம்பி வழியாகத் திரும்புகிறது. அதாவது கம்பிதான் மீள்வழி! எலெக்ட்ரான் எதிர்த்திசையில்தானே போகிறது என்று அண்ணன் சண்டைக்கு வருவார். வரட்டும். திசையைச் சொல்லும் சொல்லே வேண்டாம் என்பதற்கு அந்தச் சண்டையே போதும்.

> சட்டகத் தொடுப்பு.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலும் சட்டகமும் ஒரே கூடு. அப்புறம், ‘தொடுப்பு’. கிள்ளான் அக்கா மன்னிக்க வேண்டும். “கிராணி வண்டியில தொடுப்பு சரியில்ல” என்று பட்டறையில் உரக்கச் சொன்னால் பக்கத்துக் கோப்பிக்கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

‘உடற்பிடி’ என்று நானே ஒரு நாள் எழுதி வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிடும் வேலையா என்று கேட்டாள். அதுவும் போயிற்று.

இப்போது நான் வைக்கும் சொல்: தகட்டுப்பிடி. ‘பிடி’ பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிறது. எர்த் பிடிக்கல, பிடி விட்டுப்போச்சு என்றுதானே பேசுகிறோம்? ‘தகடு’ என்றால் பெயிண்டும் துருவும் இல்லாத வெறும் உலோகம் கண்ணில் வருகிறது. பழுது பார்க்கிறவன் எங்கே சுரண்ட வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கும். நேர்முனைத் தகட்டுப்பிடி, எதிர்முனைத் தகட்டுப்பிடி என்று பிரிக்கவும் வசதி. பழைய வண்டியில் ரேடியோ பொருத்துகிறவர்களுக்கு இந்தப் பிரிவு முக்கியம். எதிர்முனை வண்டிக்குச் செய்த ரேடியோவை மைனரில் அப்படியே மாட்டினால் கருகிவிடும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

*

தம்பி,

கோப்பிக்கடை விவரத்துக்கு நன்றி, சிரித்து முடிக்க நேரமாயிற்று. தகட்டுப்பிடி எனக்குச் சம்மதம். ஒரு சந்தேகம் மட்டும். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று போடுகிறோமே, அதில் தகடு எங்கே? அது அறுந்தால்தானே ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் வேறு வழியில்லாமல் சோக் கேபிள் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் கம்பி) வழியாகப் பாய்ந்து, கேபிள் சூடேறிப் புகைகிறது?

*

அக்கா,

சரியான கேள்வி. பட்டையின் ஒரு முனை உடல் தகட்டில்தான் முடுக்கப்படுகிறது, ஆனாலும் அதற்குத் தனிப்பெயர் இருப்பது நல்லது. பையனிடம் கேட்டேன். யோசிக்காமல் ‘பிடிப்பட்டை’ என்றான். பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டேன்.