டிரைவ் புதுசு, கேபிள் பழசு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பல்லடம் பக்கம், ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ்:

பக்கத்து மில்லில் கூப்பிட்டார்கள் என்று போய்ப் பார்த்த கேஸ் இது. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் (மில்லுக்குள் ஈரக்காற்று அனுப்பும் இடம்) 20 ஹெச்பி ஃபேன் மோட்டார், ரொம்ப காலமாக ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (வைண்டிங்கை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரன்ட்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் பில்லைக் குறைக்க டிரைவ் (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி) வாங்கியிருக்கிறார்கள். வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் "மோட்டாருக்கு ஏற்கெனவே ஆறு வயர் போகுது, அதுல மூணு போதும், மோட்டார் பெட்டியில டெல்டா லிங்க் போட்டுடலாம்" என்று முடித்துவிட்டுப் போய்விட்டார். டெல்டா லிங்க் (வைண்டிங் முனைகளை டெல்டாவாக இணைக்கும் தகடுகள்) போட்டது சரிதான். வயர்தான் பிரச்சினை.

20 ஹெச்பிக்கு 415 வோல்ட்டில் லைன் கரன்ட் சுமார் 28 ஆம்ப் வரும். ஸ்டார் டெல்டாவில் அந்த ஆறு வயரில் ஒவ்வொன்றிலும் ஓடுவது ஃபேஸ் கரன்ட் மட்டும், அதாவது லைன் கரன்ட்டில் 58 சதவீதம், 16 ஆம்ப் சொச்சம். அந்தக் கணக்குக்குத்தான் அன்றைக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் போட்டிருந்தார்கள். இப்போது மூன்றே வயரில் முழு 28 ஆம்ப்பும் போகிறது. அதுவும் கேபிள் டிரெஞ்சில் மற்ற கேபிள்களோடு நெருக்கிக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில்.

மார்கழி, தை மாதங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஃபேன் 40 ஹெர்ட்ஸில் ஓடியது. ஃபேன் லோடுக்கு வேகம் 80 சதவீதமாக இறங்கினால் பவர் ஏறக்குறைய பாதிதான், கேபிளும் சும்மா இருந்தது. சித்திரை வெயிலில் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியதும் கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துப் பிடி) பக்கத்தில் பிவிசி பழுப்பாகி வாடை வர ஆரம்பித்திருக்கிறது. "டிரைவ் டிரிப்பே ஆகலீங்களே, அப்புறம் எப்படி ஓவர்லோடு?" என்று சூப்பர்வைசர் திரும்பத் திரும்பக் கேட்டார். டிரைவில் நேம்பிளேட் கரன்ட்டைப் போட்டால் அது மோட்டாரைத்தான் காப்பாற்றும், நடுவில் என்ன சைஸ் வயர் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

28 ஆம்ப்புக்கு 6 ஸ்கொயர் காப்பர் தாங்கும். ஆனால் அந்த டிரெஞ்சு சூட்டுக்கு 10 ஸ்கொயர் போடச் சொன்னேன், ஷீல்டு (மேலே சுற்றிய உலோகப் பின்னல்) உள்ளதாக. முதலாளி விலையைக் கேட்டு முகம் சுளித்தார், ஆனால் போட்டார்.

இதைவிட மோசமானதும் பார்த்திருக்கிறேன். டிரைவ் அவுட்புட்டைக் கொண்டுபோய் பழைய ஸ்டார் டெல்டா பேனலின் இன்கமிங்கில் கொடுத்து, "ரெண்டு பாதுகாப்பு" என்று சொன்ன ஆள் உண்டு. ஓட்டத்தில் கான்டாக்டர் (ஸ்டாரையும் டெல்டாவையும் மாற்றும் சுவிட்ச்) மாறும்போது டிரைவ் ஓவர்கரன்ட் அடிக்கும். ஐஜிபிடி (டிரைவுக்குள் இருக்கும் பவர் சுவிட்ச்) போகாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

கோவை, ரீவைண்டிங் கடை:

அண்ணன் சொன்னதோடு பிஎஃப் (பவர் ஃபேக்டர்) கெப்பாசிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கெப்பாசிட்டர் தொங்கிக்கொண்டே இருக்கும், யாரும் கழற்ற மாட்டார்கள். டிரைவ் அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது.

எனக்கு அடிக்கடி வருவது போர்வெல் மோட்டார். காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலை, ஆழமான போர், மேலே டிரைவ் ரூம் வேறு தள்ளி. கேபிள் நீளம் 200 மீட்டருக்குக் குறையாது. ஒரே மோட்டார் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் லைன் முனையை ஒட்டிய முதல் சில சுற்றுகளில்தான் ஷார்ட். வைண்டிங் சரியில்லை என்று என்னிடம்தான் சண்டை. டிரைவ் தருவது சைன் அலை இல்லை, 590 வோல்ட் அளவு டிசியை வெட்டி வெட்டி அனுப்புகிறது. நீளமான கேபிளில் அந்த பல்ஸ் மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், 1,200 வோல்ட் வரை. மல்ட்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது. டிரைவ் பக்கத்தில் சைன் ஃபில்டர் (பல்ஸை சைன் அலை மாதிரி ஆக்குவது) வைத்து, கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் வெட்டும் வேகம்) அந்த ஃபில்டர் கேட்கும் அளவில் செட் பண்ணிய பிறகு அந்த மோட்டார் என் கடைக்கு வரவில்லை. எனக்கு வருமானம் போச்சு, அது வேறு கதை.

அம்பத்தூர், பேனல் வேலை:

எர்த்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு பம்ப் ஸ்கிட்டில் பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் (பிரஷரை அளந்து கரன்ட்டாக அனுப்பும் கருவி) 4–20 மில்லிஆம்ப் சிக்னல் டிரைவ் ஓடினால் மட்டும் ஆடும். டிரான்ஸ்மிட்டரை மாற்றினார்கள், பிஎல்சி (கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கார்டை மாற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் டேக் போட்டுக் கட்டியிருந்தது. ஷீல்டை முறுக்கி வால் மாதிரி ஒரு முழத்துக்கு இழுத்து, பேனலின் எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். கிலோஹெர்ட்ஸ் கணக்கில் வெட்டுகிற டிரைவுக்கு அந்த வால் எர்த்தே இல்லை. ஷீல்டு முழு வட்டமாக கிளாம்ப்பில் உட்கார வேண்டும், மோட்டார் பக்கமும் இஎம்சி கிளாண்ட் (ஷீல்டைச் சுற்றிலும் பிடிக்கும் கிளாண்ட்). மோட்டார் எர்த் வயரை ஷெட் இரும்பில் கட்டிவிட்டுப் போகாமல் நேராக டிரைவின் பிஇ (எர்த்) டெர்மினலுக்கே கொண்டுவந்தோம். சிக்னல் கேபிளை ஓர் அடி தள்ளி, குறுக்கே போகிற இடத்தில் செங்குத்தாக. பழைய டிரான்ஸ்மிட்டரையே திரும்ப மாட்டினோம், நன்றாக ஓடுகிறது.

அங்கேயே இன்னொன்று: 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபி (எர்த்துக்கு கரன்ட் கசிந்தால் சப்ளையை அணைக்கும் பிரேக்கர்) டிரைவால் அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் பண்ணி வைத்திருந்தார்கள். டிரைவுக்கு லீக்கேஜ் இயல்பாகவே அதிகம், அதனால்தான் மேனுவலில் 10 ஸ்கொயர் காப்பர் எர்த், இல்லையென்றால் இரண்டாவது எர்த் வயர் கேட்கிறார்கள். ஒற்றை எர்த் வயர் கழன்றால் பாடியைத் தொடுகிறவன் கதி என்ன? ஈஎல்சிபியும் இல்லை, எர்த்தும் இல்லை.

ஈரோடு, லேத் பட்டறை:

எங்களைப் போல சின்னப் பட்டறைக்கு ஒரு விஷயம். சிங்கிள் ஃபேஸில் ஓடும் டிரைவ் வாங்கினால் அது வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். 2 ஹெச்பி மோட்டார் பெரும்பாலும் 415க்கு ஸ்டாரில் கட்டியிருக்கும், அப்படியே மாட்டினால் லோடு இழுக்காது, சூடாகும். நேம்பிளேட்டில் 230 டெல்டா என்று இருந்தால் லிங்க்கை டெல்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். லேத்தில் இருக்கும் ஃபார்வேர்டு ரிவர்ஸ் டிரம் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். அதை கன்ட்ரோல் டெர்மினலுக்கு மாற்றி, டிரைவையே திருப்பச் சொல்லுங்கள்.

பல்லடம்:

ரீவைண்டிங் கடைக்காரர் சொன்ன போர்வெல் மாதிரி கேஸில் முதலில் எல்லோரும் மெக்கரைத்தான் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) எடுப்பார்கள். மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ வயர் மூன்றையும் டிரைவில் இருந்து கழற்றாமல் மெக்கர் அடித்து டிரைவைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். கழற்றுவதற்கு முன்னால் மெயினை ஆஃப் பண்ணி, டிரைவில் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து, டிசி பிளஸ் மைனஸில் மீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். டிஸ்பிளே அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைக்காதீர்கள், கெப்பாசிட்டரில் அப்போதும் சார்ஜ் இருக்கும்.